பொதுக் காட்சிக்குப் பொய்யாகக் காப்பிரைட் கிளைம் வந்தால் என்ன செய்வது: சின்ன சேனல்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணை வழியாக வந்து கடலூரின் ஆற்றோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. இரண்டையும் சேர்த்து யூடியூபில் 11 நிமிடத்தில் ஒரு வீடியோ போட்டேன். தண்ணீர் நின்ற தெரு, மொட்டை மாடியில் காய வைத்த பாய், நனைந்த ரேஷன் கார்டு எல்லாம் என் போனில் நானே எடுத்தவை. புயலின் கண் மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று காட்ட மட்டும் 14 நொடி வெளிக் காட்சி சேர்த்தேன். 2018 செப்டம்பரில் அட்லாண்டிக் கடலில் சுழன்ற புளோரன்ஸ் புயலை விண்வெளி நிலையத்தின் கேமரா எடுத்து, நாசா வெளியிட்ட காட்சி அது.

அன்று ராத்திரியே கிளைம், அதாவது 'இந்தக் காட்சி எங்களுடையது' என்ற உரிமைக் கோரிக்கை, வந்துவிட்டது. கேட்டது நாசா இல்லை, ஒரு செய்தி சேனல். தண்ணீருக்குள் நின்று நான் எடுத்த பத்தே முக்கால் நிமிடத்துக்கும் சேர்த்து விளம்பர வருமானம் அவர்களுக்கு என்று எழுதியிருந்தது.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஊர்ச் செய்தி, வானிலை, வரலாறு என்று சேனல் நடத்தும் பலர் இதே கிளைமுக்குப் பயந்து வீடியோவை எடுத்துவிடுகிறார்கள். எடுக்க வேண்டாம். ஒவ்வொரு படியாக என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன்.

முதலில்: வந்திருப்பது கிளைமா, ஸ்ட்ரைக்கா?

முத்தியால்பேட்டைத் தம்பி ஒருவர் ஒரு நாள் காலையிலேயே போனோடு வந்தார். "அண்ணே, ஸ்ட்ரைக் வந்துடுச்சு, உடனே வீடியோவ டெலிட் பண்ணிட்டேன். இப்ப ஸ்ட்ரைக் போயிடும்ல?" போகாது. வீடியோவை அழித்தாலும் ஸ்ட்ரைக் அப்படியே நிற்கும். என்ன காட்சி, எந்த நொடி என்று காட்டி வாதாட வேண்டிய வீடியோதான் கையைவிட்டுப் போயிருந்தது.

அதனால் எதையும் தொடாமல் யூடியூப் ஸ்டுடியோவைத் திறங்கள். வீடியோ பட்டியலில் கட்டுப்பாடுகள் என்ற பத்தியில் காப்பிரைட் என்று இருக்கும். அதைத் தட்டி விவரம் பாருங்கள்.

கன்டென்ட் ஐடி கிளைம் என்றால், ஒரு மென்பொருள் உங்கள் வீடியோவையும் வேறொருவர் கொடுத்து வைத்திருக்கும் மூலக் கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பொருத்தம் சொல்லியிருக்கிறது. வருமானம் அவர்களுக்குப் போகலாம், அல்லது வீடியோ சில நாடுகளில் முடக்கப்படலாம். சேனலுக்கு ஆபத்து இல்லை. ஸ்ட்ரைக் வேறு. காட்சியின் சொந்தக்காரர் நான் என்று ஒருவர் சட்டப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பி, யூடியூப் வீடியோவை எடுத்துவிட்டது என்று பொருள். ஒரு ஸ்ட்ரைக் 90 நாளில் காலாவதியாகும். அதற்கு காப்பிரைட் ஸ்கூல் என்ற சிறு பாடத்தையும் முடிக்க வேண்டும். 90 நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே போய்விடும்.

எது வந்தாலும் உடனே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கேட்பவர் பெயர், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, காட்சியா ஒலியா, எந்த நாளில் வந்தது ஆகிய நான்கும் அதில் தெரிய வேண்டும்.

பொய் கிளைம் எப்படி உருவாகிறது?

இது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். பெரிய சேனல் ஒன்று தன் செய்தி அறிக்கையை முழுசாக அப்படியே கன்டென்ட் ஐடிக்குக் கொடுக்கிறது. அந்த அறிக்கையில் நாசா காட்சி 20 நொடி இருக்கிறது. மென்பொருளுக்கு எது நாசாவுடையது, எது நிருபர் எடுத்தது என்று தெரியாது, எல்லாம் அந்தச் சேனலின் சொத்து என்றே எடுத்துக்கொள்ளும். அப்புறம் அதே நாசா காட்சியை உலகில் யார் போட்டாலும் கிளைம் தானாகப் பாயும். தனக்கு மட்டுமே உரிமையுள்ள பொருளைத்தான் மூலக் கோப்பாகத் தர வேண்டும் என்று யூடியூபின் விதியே சொல்கிறது. நம் வாதத்துக்கு அந்த விதிதான் அஸ்திவாரம்.

2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி வண்டி செவ்வாயில் இறங்கியபோது, நாசா தன் சொந்த யூடியூப் பக்கத்தில் போட்ட வீடியோவே ஒரு செய்தி நிறுவனத்தின் கிளைமால் சில மணி நேரம் முடங்கியது. நாசாவுக்கே அந்த நிலைமை என்றால் நமக்கு வருவதில் ஆச்சரியம் இல்லை.

வேண்டுமென்றே செய்பவர்களும் உண்டு. பொய் ஸ்ட்ரைக் அடித்துவிட்டு, எடுக்க வேண்டுமானால் பணம் கொடு என்று மிரட்டிய ஒருவர்மீது 2019-இல் யூடியூபே அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அவர் 25,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொண்டார்.

இரண்டாவது: நம் கை சுத்தமா என்று பார்ப்பது

இந்தப் படியை நிதானமாகச் செய்யுங்கள். 'எல்லாரும் பார்க்கிற காட்சிதானே' என்பது வாதம் ஆகாது. பொதுவில் கிடைப்பது வேறு, பொது உரிமையில், அதாவது யாருடைய காப்பிரைட்டும் இல்லாமல், இருப்பது வேறு. நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்கள் பணியின் பகுதியாக உருவாக்கும் படைப்புகளுக்கு அந்த நாட்டில் காப்பிரைட் கிடையாது. அதனால்தான் நாசா காட்சிகள் பெரும்பாலும் சுதந்திரமானவை. ஆனால் நாசா பக்கத்திலேயே வேறு நிறுவனத்தின் படம் என்று குறிப்பு போட்டிருந்தால் அது இதில் சேராது. நாசா முத்திரையையும் இஷ்டத்துக்குப் போடக் கூடாது.

இந்திய அரசு விஷயம் தலைகீழ். 1957-ஆம் ஆண்டுக் காப்பிரைட் சட்டப்படி அரசுப் படைப்புக்கு அரசே முதல் உரிமையாளர். வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை அந்த உரிமை இருக்கும். எனவே அரசு வெளியிட்ட வீடியோ என்பதாலேயே அது இலவசம் ஆகிவிடாது. பெரும்பாலான அரசு இணையதளங்களின் அடியில் காப்பிரைட் கொள்கை என்று ஒரு இணைப்பு இருக்கும். சில தளங்கள் மூலத்தைக் குறிப்பிட்டு இலவசமாகப் பயன்படுத்தலாம் என்கின்றன, சில மின்னஞ்சலில் அனுமதி கேட்கச் சொல்கின்றன. அதைப் படித்து, அந்தப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மாவட்ட நிர்வாகம் எடுத்த வெள்ளக் காட்சி வேண்டுமென்றால், கடலூரில் செய்தி மக்கள் தொடர்பு அலுவலரிடமும் புதுச்சேரியில் செய்தி மற்றும் விளம்பரத் துறையிடமும் எழுத்தில் கேளுங்கள். வாட்ஸாப்பில் 'சரி தம்பி, போட்டுக்கோங்க' என்று வருவதைவிட இரண்டு வரி மின்னஞ்சல் மேல்.

நீதிமன்ற நேரலையும் அப்படித்தான். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் வெட்டி எடுத்து மறுபடி போடுவதற்கு நீதிமன்றங்களின் விதிகள் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன.

புதுச்சேரி வரலாறு பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கவனியுங்கள். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு, 8 பேர் எதிராக. நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. இதைப் பற்றி இந்திய அரசு 1954-இலேயே வெளியிட்ட செய்திச் சுருள் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வையுங்கள். 60 ஆண்டு 1955 ஜனவரி 1-இல் தொடங்கும். 2014 டிசம்பர் 31-இல் இந்தியாவில் அதன் காப்பிரைட் முடிந்தது. சரி, போட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் அது 1996-இல் இந்தியாவில் காப்பிரைட்டில் இருந்த படைப்பு. அப்படிப்பட்டவற்றுக்கு அமெரிக்கச் சட்டம் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டு என்று தனிக் கணக்கு வைத்திருக்கிறது. யூடியூப் அமெரிக்க நிறுவனம். சம்பந்தமே இல்லாத ஒரு சேனல் அந்தச் சுருளுக்குக் கிளைம் போட்டால், 'உரிமை உன்னுடையது இல்லை' என்று தைரியமாக மறுக்கலாம். 'இது உலகம் முழுக்கப் பொதுச் சொத்து' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிரெஞ்சுச் செய்திச் சுருள் என்றால் அது தனிக் கதை: பிரெஞ்சு அரசின் ஒலி ஒளி ஆவண நிறுவனம் பழைய சுருள்களுக்கு உரிமை வைத்திருக்கிறது. கேட்காமல் தொடாதீர்கள்.

பழைய படங்கள் கிடைக்கும் இணைய ஆவணக் காப்பகங்களில் 'பொது உரிமை' என்று எழுதியிருப்பது யாரோ ஒரு பயனர் தட்டிய குறிப்பாகவும் இருக்கலாம், அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் (மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்ற உரிமக் குறி) என்று போட்ட யூடியூப் வீடியோவை எடுக்கிறீர்களா? போட்டவர்தான் எடுத்தவரா என்று பாருங்கள். அடுத்தவர் காட்சியை ஏற்றிவிட்டு அந்தக் குறியைத் தட்டுகிறவர்கள் நிறைய.

ஒலியை மறக்கக் கூடாது. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ நீங்களே எடுத்த தீர்த்தவாரிக் காட்சி உங்களுடையதுதான். பின்னால் ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டு உங்களுடையது இல்லை. அதற்கு வரும் கிளைம் பொய் கிளைம் ஆகாது. சண்டைக்குப் போகாமல் ஸ்டுடியோவிலேயே அந்தப் பாட்டை மட்டும் அடக்கலாம், மாற்றலாம், அல்லது அந்தப் பகுதியை வெட்டலாம். கிளைம் விலகிவிடும்.

அப்புறம் 'பத்து நொடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை' என்ற பேச்சு. அப்படி நொடிக் கணக்கு எந்தச் சட்டத்திலும் இல்லை. நம் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்கும் நடப்புச் செய்தியைத் தெரிவிப்பதற்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. ஒரு செய்தி நிறுவனம் தானே எடுத்த காட்சியை நீங்கள் சில நொடி விமர்சனத்துக்குப் பயன்படுத்தியிருந்தால் அந்த வாதத்தை எடுக்கலாம். ஆனால் அங்கே உரிமை நிஜமாகவே அவர்களுடையது, நியாயமா இல்லையா என்பதுதான் வழக்கு. நாசா காட்சிக்கு வந்த கிளைமில் அவர்களுக்கு உரிமையே கிடையாது. இரண்டையும் ஒரே கடிதத்தில் போட்டுக் குழப்பினால் நல்ல வாதமும் கெட்டுவிடும்.

மூன்றாவது: ஆதாரக் கட்டு

ஒரு போல்டரில் இவ்வளவும் வையுங்கள்: மூலப் பக்கத்தின் முகவரி, அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், உரிமக் குறிப்பின் ஸ்கிரீன்ஷாட், நீங்கள் இறக்கிய அசல் கோப்பு. எனக்கு உதவியது அசல் கோப்புதான். செய்தி சேனலின் பிரதியில் மூலையில் அவர்கள் லோகோவும் கீழே ஓடும் வரியும் இருந்தன. என்னிடம் இருந்ததில் இரண்டும் இல்லை. அவர்களிடமிருந்து எடுக்கவில்லை என்பதற்கு அது போதும்.

இதனால்தான் சொல்கிறேன், பொதுக் காட்சியை ஒருபோதும் டிவி சேனலின் யூடியூப் பிரதியிலிருந்து இறக்காதீர்கள். அந்தப் பிரதியில் அவர்கள் சேர்த்த குரல், இசை, எழுத்து எல்லாம் அவர்களுடையவை.

நான்காவது: டிஸ்பியூட்

டிஸ்பியூட் என்றால் கிளைமை மறுத்து யூடியூப் வழியாக அனுப்பும் ஆட்சேபம். கிளைம் வந்து 5 நாளுக்குள் போட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் கிளைம் வந்த முதல் நாளிலிருந்தே வருமானம் யாருக்கும் போகாமல் நிறுத்தி வைக்கப்படும், ஜெயித்தவருக்குப் பிறகு போகும். 5 நாள் தாண்டினால் டிஸ்பியூட் போட்ட நாளிலிருந்துதான் நிறுத்தி வைப்பார்கள். புயல், தேர்தல் மாதிரி வீடியோக்களுக்கு முதல் சில நாள்தான் பார்வை குவியும். அந்தக் காசைத் தாமதத்தால் இழக்காதீர்கள்.

காரணம் கேட்கும் இடத்தில் சொந்தப் படைப்பு, உரிமம், நியாயமான பயன்பாடு, பொது உரிமை என்று பிரிவுகள் இருக்கும். உங்களுக்குப் பொருந்தும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். விளக்கத்தை எளிய ஆங்கிலத்தில், கோபம் இல்லாமல் எழுதுங்கள். நான் எழுதியதன் சாரம் இது:

"3 நிமிடம் 10 நொடியிலிருந்து 3 நிமிடம் 24 நொடி வரை உள்ள காட்சி, 2018 செப்டம்பரில் விண்வெளி நிலையத்திலிருந்து எடுத்து நாசா வெளியிட்டது. மூல முகவரி கீழே. அமெரிக்க அரசின் படைப்பு என்பதால் இதற்குக் காப்பிரைட் இல்லை. கிளைம் போட்டவரும் இதே காட்சியைத் தன் செய்தியில் பயன்படுத்தியிருக்கிறார், அதனால் அவருக்கு இதில் தனி உரிமை வராது. அவருடைய குரலோ எழுத்தோ இசையோ என் வீடியோவில் இல்லை. கிளைமை விலக்கவும், இந்தப் பகுதியை அவருடைய மூலக் கோப்பிலிருந்து நீக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

கடைசி வரியை விடாமல் எழுதுங்கள். அவர்கள் அந்தப் பகுதியை நீக்கினால் அடுத்த ஊர்க்காரருக்கும் தொல்லை தீரும்.

கிளைம் போட்டவருக்கு 30 நாள் அவகாசம். பதில் வராவிட்டால் கிளைம் தானாகக் காலாவதியாகும். என் விஷயத்தில் அப்படித்தான் முடிந்தது, ஒரு வார்த்தை கூட எழுதாமல் விட்டுவிட்டார்கள். வீடியோவே முடங்கியிருந்தால், டிஸ்பியூட்டைத் தாண்டி நேராக அப்பீலுக்குப் போகும் வழியும் உண்டு.

ஐந்தாவது: நிராகரித்தால் அப்பீல்

டிஸ்பியூட்டைப் பார்த்து முடிவு செய்பவர் கிளைம் போட்டவரேதான். அதனால் நிராகரிப்பு வந்தால் நீங்கள் தோற்றதாக நினைக்க வேண்டாம். அப்பீல் போடுங்கள். அதற்கு அவர்களுக்கு 7 நாள்தான் அவகாசம். இந்தக் கட்டத்தில் அவர்கள் கிளைமை விட வேண்டும், அல்லது சட்டப்படி நீக்கக் கோரிக்கை அனுப்ப வேண்டும். பொய்யாக அனுப்பினால் அமெரிக்கச் சட்டப்படி தங்களுக்கே பொறுப்பு வரும் என்பதால் பல நிறுவனங்கள் இங்கே பின்வாங்கும்.

அனுப்பினால் உங்களுக்கு ஸ்ட்ரைக் விழலாம் என்பதையும் தெரிந்துகொண்டுதான் போட வேண்டும். சிலர் 7 நாள் கெடு வைத்து அனுப்புவார்கள். அதற்குள் அப்பீலைத் திரும்பப் பெற்றால் ஸ்ட்ரைக் விழாது. ஏற்கனவே இரண்டு ஸ்ட்ரைக் உள்ள சேனல் என்றால் அந்த 14 நொடியை வெட்டிவிட்டுப் போவதே நல்லது என்பேன். கோழைத்தனம் என்று யாரும் சொல்லட்டும், பல வருட உழைப்பு பெரிது.

ஆறாவது: ஸ்ட்ரைக் விழுந்துவிட்டால்

மூன்று வழி. 90 நாள் காத்திருப்பது ஒன்று. கிளைம் போட்டவருக்கே எழுதி, கோரிக்கையைத் திரும்பப் பெறச் சொல்வது இன்னொன்று. தானியங்கித் தவறு என்றால் பல சமயம் இதிலேயே தீர்ந்துவிடும். மூன்றாவது கவுன்டர் நோட்டீஸ்.

கவுன்டர் நோட்டீஸ் என்பது நீக்கக் கோரிக்கை தவறு என்று மறுத்து அனுப்பும் சட்ட ஆவணம். உங்கள் முழுப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எல்லாம் எதிராளிக்குப் போகும். அமெரிக்க நீதிமன்ற வரம்புக்கு உட்படுகிறேன் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். அனுப்பிய பிறகு அவர்களுக்கு 10 அமெரிக்க வேலை நாள். அதற்குள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்பி வரும், ஸ்ட்ரைக் போகும். உள்ளூர் மணல் கொள்ளை, நில விவகாரம் என்று எழுதுகிற சேனலை நடத்துபவர் என்றால் முகவரி யார் கைக்குப் போகிறது என்று யோசியுங்கள். முகவரியைக் கறக்கவே ஸ்ட்ரைக் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் சந்தேகம் இருந்தால் வக்கீல் மூலமாக, அவர் அலுவலக முகவரியில் அனுப்புங்கள்.

பணம் கேட்டால்

உடனே கொடுக்காதீர்கள், போனிலும் பேசாதீர்கள். எல்லாம் மின்னஞ்சலில் வரட்டும். யூடியூப் கணக்கில் எதுவும் காட்டாமல் வெறும் மின்னஞ்சலில் 'ஸ்ட்ரைக் வரும்' என்று இணைப்போடு வந்தால், அது உங்கள் கணக்கைத் திருடும் வலையாகவே இருக்கலாம், இணைப்பைத் தொடாதீர்கள். காசு பறிபோயிருந்தால் 1930 என்ற சைபர் உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள்.

நிஜ நிறுவனம்தான் ஆதாரமில்லாமல் மிரட்டுகிறது என்றால் நம் காப்பிரைட் சட்டத்தின் 60-ஆம் பிரிவு இருக்கிறது. அடிப்படையில்லாத மிரட்டலை எதிர்த்து நாமே நீதிமன்றம் போய், நாம் உரிமையை மீறவில்லை என்று அறிவிக்கவும், மிரட்டலுக்குத் தடையும், நஷ்ட ஈடும் கேட்கலாம். அவர்கள் தாமதிக்காமல் உண்மையான வழக்கைத் தொடுத்து நடத்தினால் மட்டும் இந்தப் பிரிவு பயன்படாது. வக்கீல் செலவுக்கு வழியில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் இலவச சட்ட உதவிக்குத் தகுதியானவர்கள்.

அடுத்த வீடியோவுக்கு முன்

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஒவ்வொரு வெளிக் காட்சிக்கும் ஒரு வரி: யார் எடுத்தது, எந்த ஆண்டு, எங்கிருந்து இறக்கினேன், எந்த நாளில், என்ன அனுமதி. இறக்கும் அன்றே எழுதுங்கள், கிளைம் வந்தபின் தேடினால் பக்கமே மாறியிருக்கும். வீடியோவின் டெஸ்கிரிப்ஷனிலும் நிமிடக் கணக்கோடு மூலத்தைப் போடுங்கள். டிஸ்பியூட்டைப் படிக்கிற மனிதர் முதலில் பார்ப்பது அங்கேதான்.

ஏற்றும்போது நேராகப் பொதுவில் விடாமல் பிரைவேட்டில் வைத்து, காப்பிரைட் சோதனை முடியும்வரை பொறுங்கள். கிளைம் வருவதாக இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். யாரும் பார்க்கும் முன்பே டிஸ்பியூட் போட்டு வைக்கலாம்.

முத்தியால்பேட்டைத் தம்பியின் ஸ்ட்ரைக், நாங்கள் இருவரும் உட்கார்ந்து கிளைம் போட்டவருக்கு எழுதிய பிறகு விலகியது. அழித்த வீடியோவின் அசல் கோப்பு அவருடைய பழைய மெமரி கார்டில் கிடைத்தது. மறுபடி ஏற்றியபோது நோட்டின் முதல் வரியை அவரே எழுதினார்.